மாமியார் வீட்டில் சீரியல் நேரம்: புது மாப்பிள்ளைக்கு ஒரு வழிகாட்டி

பிரசவத்துக்காக என் மனைவி கும்பகோணத்தில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். ஆபீசில் கெஞ்சிக் கேட்டு, அங்கிருந்தே வேலை பார்க்க எனக்கும் அனுமதி வாங்கிவிட்டேன். நான்கு மாதம். நெட் கனெக்‌ஷன், நாற்காலி, கரண்ட் போனால் ஓடும் இன்வெர்ட்டர் என்று எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தேன். மாலை ஆறரை மணிக்கு மேல் அந்த வீட்டில் வேறொரு அரசாங்கம் பதவியேற்கும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

முதல் மூன்று வாரத்தில் இரண்டு முறை டிவியை அணைத்தேன். ஒரு முறை வில்லிக்குப் பரிந்து பேசினேன். ஒரு முறை சேனலையே வீட்டை விட்டுத் துரத்தினேன். அதற்கெல்லாம் நான் கொடுத்த விலையை இனி போகிறவர்களாவது கொடுக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். மாப்பிள்ளைகளை மனதில் வைத்து எழுதினாலும் மருமகள்களுக்கும், மாடியில் வாடகைக்கு இருந்துகொண்டு சாப்பாட்டுக்குக் கீழே இறங்கி வருகிறவர்களுக்கும் பொருந்தும். மருமகள்கள் ஆறாவது படியை மட்டும் இரண்டு முறை படித்துக்கொள்ளுங்கள்.

1. ரிமோட் யாருடையது என்று கண்டுபிடியுங்கள்

ரிமோட் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அதிகாரி என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். எங்கள் வீட்டில் அது எப்போதும் மாமா கையில்தான் இருக்கும். ஆனால் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும்தான் அவருக்கு அதிகாரம். சேனல் மாற்றும் பொத்தானை அவர் தொட்டு ஆறேழு வருடம் ஆகியிருக்கும். அதன் மேல் எண்கள்கூட அழியாமல் பளிச்சென்று இருந்தன.

முதல் நாள் சாயங்காலம் அத்தை என்னிடம், “மாப்பிள்ள, நீங்க நியூஸ் ஏதும் பாக்கணும்னா பாருங்க, எங்களுக்கு ஒண்ணும் இல்ல” என்றார். இது மரியாதைக்குச் சொல்வது. பந்தியில் இலை மூடிய பிறகு “இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா” என்று கேட்பதைப் போல. நான் உண்மை என்று நம்பி ரிமோட்டை வாங்கிச் செய்தி சேனலுக்கு மாற்றினேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அத்தை எழுந்து சமையல்கட்டுக்குப் போனார். அங்கே பாத்திரங்கள் பேசிக்கொண்டன. அன்று ராத்திரி தோசைக்குச் சட்னி இல்லை, பொடிதான்.

சொல்ல வேண்டிய பதில் இது: “வேண்டாம் அத்தை, போன்லயே பாத்துட்டேன். நீங்க பாருங்க.” சொல்லிவிட்டு உட்காருங்கள். எழுந்து அறைக்குள் போய்விடாதீர்கள். அதற்கு வேறு அர்த்தம் உண்டு.

எங்கே உட்காருவது என்பதையும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். மூங்கில் நாற்காலி அத்தையுடையது. சோபாவின் ஜன்னலோரம் பக்கத்து வீட்டுப் பாட்டியுடையது. எட்டு மணிக்கு வந்துவிடுவார். எனக்குக் கிடைத்தது சாப்பாட்டு மேசைப் பக்கம் ஒரு ஸ்டூல்.

2. ஆவணங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

சீரியல் பார்க்க என்ன ஆவணம் என்று சிரிக்கலாம். கேபிள் ஒரு நாள் நின்றுபோகும்போது அந்த வீட்டில் படித்த, கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள் நீங்களாக இருப்பீர்கள். அதற்குள் இவையெல்லாம் தயாராக இருக்கட்டும்.

செட்டாப் பாக்ஸ் எண். பெட்டிக்கு அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். வந்த முதல் வாரத்திலேயே, டிவி ஓடாத பகல் நேரத்தில், போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள். கஸ்டமர் கேரில் முதலில் கேட்பது இதைத்தான். எட்டு மணிக்குப் பெட்டியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு டார்ச் அடிப்பது பார்க்க நன்றாக இருக்காது.

இணைப்பு யார் பெயரில், எந்த மொபைல் எண்ணில் பதிவாகியிருக்கிறது என்பதுதான் பெரிய பொறி. எங்கள் வீட்டு இணைப்பு என் மச்சினன் பெயரில் இருந்தது. மச்சினன் துபாயில். எதை மாற்றினாலும் ஓ.டி.பி. அவன் எண்ணுக்குத்தான் போகும். நமக்கு எட்டு மணி என்றால் அங்கே ஆறரை. அவன் வேலை முடிந்து வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும் நேரம். போனை எடுத்து அவன் படித்துச் சொல்வதற்குள் அந்த எண் காலாவதியாகிவிடும்.

எண்ணை மாற்றக் கேட்டபோது, ஆதார் நகல், புதிதாக ஒரு விண்ணப்பப் படிவம், பழைய ரசீது ஒன்று, பெயர் மாற்றத்துக்கு மச்சினன் சம்மதம் என்று கேட்டார்கள். சம்மதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும் என்றார்கள். அனுப்பிய பிறகு கையெழுத்து வேண்டும் என்றார்கள். இரண்டு நாளில் ஆகும் என்ற வேலை ஒன்பது நாளில் முடிந்தது. இதைப் பிரச்சினை வந்த பிறகு தொடங்காதீர்கள். நான் அப்படித்தான் தொடங்கினேன். ஏன் என்பதை அடுத்த படியில் சொல்கிறேன்.

3. செலவு: மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்

2019ல் வந்த விதிப்படி, நமக்கு வேண்டிய சேனலை நாமே தேர்ந்தெடுத்து, அடிப்படைக் கட்டணம் போக அதற்கு மட்டும் காசு கட்டலாம். தனிச் சேனலாகவும் வாங்கலாம், பல சேனல் சேர்ந்த கட்டாகவும் வாங்கலாம். மேலே 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கம்ப்யூட்டர் படித்த மாப்பிள்ளைக்கு இதுவே போதை.

மாத பில்லைப் பார்த்தேன், 310 ரூபாய். யாருமே பார்க்காத சேனல்கள் நூற்றுக்கு மேல். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மச்சினனைப் போனில் பிடித்து, ஓ.டி.பி. வாங்கி, பட்டியலைச் சீர்திருத்தினேன். மாதம் 62 ரூபாய் மிச்சம். மாமாவிடம் சொன்னேன். “பலே” என்றார்.

திங்கட்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு, பக்கத்து வீட்டுப் பாட்டி ஜன்னலோரத்தில் உட்கார்ந்த பிறகு, திரையில் ஒரு வரி வந்தது: இந்தச் சேனல் உங்கள் சந்தாவில் இல்லை. ஒரே பெயரில் பெரிய கட்டு ஒன்றும் சின்னக் கட்டு ஒன்றும் இருந்திருக்கிறது. நான் எடுத்தது சின்னது. சினிமாச் சேனல், நகைச்சுவைச் சேனல், பாட்டுச் சேனல் எல்லாம் அதில் உண்டு. சீரியல் ஓடும் தாய்ச் சேனல் மட்டும் இல்லை.

அத்தை என்னைத் திட்டவில்லை. “பரவால்ல மாப்பிள்ள, மனுஷங்கன்னா மறதி வரத்தான் செய்யும்” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு பாட்டி வீட்டுக்குக் கிளம்பினார். எட்டு மாத வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு என் மனைவியும் பின்னாலேயே போனாள். மச்சினன் போனை எடுக்கவில்லை. ஆபரேட்டர் ஆபீசில் பூட்டு. மூன்று நாள் இப்படியே போனது. தெருவில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பால்காரர்கூட, “சேனல் வந்துருச்சா சார்?” என்று கேட்டார்.

ஆகவே கட்டை மாற்றும் முன் புதுப் பட்டியலையும் பழையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒத்துப்பாருங்கள். வீட்டில் பார்க்கும் ஒவ்வொரு சீரியலும் எந்தச் சேனலில் வருகிறது என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அதைவிட நல்லது, தொடாமல் இருப்பது.

அப்புறம் செயலிகள். ஸ்டார் விஜய் சீரியல்களுக்கு ஜியோஹாட்ஸ்டார், சன் குழுமத்துக்குச் சன் நெக்ஸ்ட், ஜீ தமிழுக்கு ஜீ5. நான் முதலில் ஜியோஹாட்ஸ்டாரில் மூன்று மாதத்துக்கு 149 ரூபாய் என்று போட்டிருந்ததை வாங்கினேன். மலிவு என்று குஷியாக டிவியில் போட்டால் ஓடவில்லை. அது மொபைலுக்கு மட்டுமான திட்டம். டிவியில் ஓட வேண்டும் என்றால் அப்போது 299 ரூபாய்த் திட்டம். விலைகள் மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் எந்தச் செயலியில் வாங்கினாலும் டிவியில் ஓடுமா, எத்தனை திரை என்ற இரண்டையும் பார்த்த பிறகே பணத்தைக் கட்டுங்கள்.

மொத்தத்தில் மாதம் 62 ரூபாய் மிச்சம் பிடிக்கக் கிளம்பி, மறுபடி பழைய கட்டு, 149, 299, சத்தப் பொத்தான் தேய்ந்த ரிமோட்டுக்குப் பதில் 150 ரூபாய்க்கு ஒன்று, பாட்டி வீட்டுக்கு நன்றிக்கடனாக அரைக் கிலோ மைசூர்பாகு என்று ஆயிரத்தை நெருங்கினேன்.

4. நேர அட்டவணையைப் படியுங்கள்

ஆறரை முதல் பத்து வரை அரை மணிக்கு ஒன்று. அரை மணி என்பது பெயருக்குத்தான். ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிடம் வரை விளம்பரம் போடலாம் என்பது விதி. அப்படியானால் அரை மணியில் 6 நிமிடம் போய்விடும். முந்தின நாள் கதை, தலைப்புப் பாட்டு, நாளைய காட்சி எல்லாம் போக, கதைக்கு மிஞ்சுவது இருபது நிமிடம். அதிலும் ஒரு நாள் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன். கதவு திறக்கிறது, வந்தது யார் என்று வீட்டில் உள்ள ஒன்பது பேரும் ஒவ்வொருவராக அதிர்ச்சி அடைந்து முடிக்க நான்கு நிமிடம் பத்து நொடி. வந்தவர் கேஸ் சிலிண்டர் போடுகிறவர்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த ஒன்பது அதிர்ச்சி நேரத்தில்தான் வீட்டு நிர்வாகம் நடக்கிறது. மின்சாரக் கட்டணம், வளைகாப்பு வளையல் கணக்கு, யார் வீட்டுக் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய் என்று எல்லாம் அங்கே பேசி முடிகிறது. வாய் பேசிக்கொண்டிருந்தாலும் காது சீரியலில் இருக்கும். பின்னணி இசை மாறிய நொடியில் பேச்சு பாதி வார்த்தையில் நிற்கும். அந்த நொடியில் நீங்களும் நிறுத்த வேண்டும்.

குக்கர் ஆறேகாலுக்குள் இறங்கிவிட வேண்டும். விசில் வந்தால் வசனம் போய்விடும். தோசை விளம்பர இடைவேளையில். ஒரு இடைவேளைக்கு இரண்டு தோசை, முறுகல் கேட்டால் ஒன்றுதான். உங்கள் ஆபீஸ் அழைப்புகளை ஏழரைக்கு வைக்காதீர்கள். நான் வைத்தேன். அமெரிக்காவில் இருக்கும் வாடிக்கையாளர் மிகுந்த அக்கறையோடு, அங்கே புயல் ஏதாவது அடிக்கிறதா, பாதுகாப்பாக இருக்கிறீர்களா என்று விசாரித்தார். ஹாலில் யாரோ ஒரு மாமனாருக்கு உண்மை தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். ஆமாம், மழைக்காலம் என்று சொல்லிச் சமாளித்தேன். மே மாதம்.

சனிக்கிழமை ராத்திரி நடப்பது எதையும் நம்பாதீர்கள். யாராவது மாடியிலிருந்து விழுவார்கள், தாலி அறுந்து விழும், போலீஸ் வரும். திங்கட்கிழமை அது கனவாக இருக்கும், அல்லது விழுந்தது வேறு ஆளாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அத்தையின் முகத்தில் கவலை இருந்தால், உடம்புக்கு என்ன என்று பதறி டாக்டரிடம் அழைத்துப்போக வேண்டாம்.

5. கதைக்குள் நுழைவது

“இவர் யாரு?” என்று கேட்கவே கேட்காதீர்கள். அதற்குப் பதில் சொன்னால் மூன்று வருடக் கதை சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மரியாதை இல்லை. இரண்டுக்கும் நடுவில் அத்தையை நிறுத்தாதீர்கள். முதல் எபிசோடிலிருந்து பார்த்துவிட்டு வருகிறேன் என்றும் கிளம்பாதீர்கள். அத்தையின் உரைகல்லான கோலங்கள் 2003 முதல் 2009 வரை 1,533 எபிசோடு ஓடியது. உங்களுக்குப் பேரன் பிறந்துவிடுவான்.

ஒரு வாரம் வாயைத் திறக்காமல் பாருங்கள். போதும். கதை உங்களுக்காகக் காத்திருக்கும். ஒவ்வொரு குடும்பத்திலும் சில பதவிகள் நிரந்தரம். அதில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொண்டால் புரிந்துவிடும். உண்மை தெரிந்தும் சொல்லாத பெரியவர் ஒருவர் இருப்பார்; சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சு வலி வரும். கதவுக்குப் பின்னால் நின்று பாதியை மட்டும் கேட்கும் ஓரகத்தி ஒருவர். சம்பளம் வாங்காத நல்ல மகன் ஒருவன், சம்பளம் வாங்கும் கெட்ட மகன் ஒருவன். எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்துவிட்டுத் தான் குடிக்காத மருமகள். இவர்கள் எல்லோருக்கும் ஒரே டாக்டர். 24 மணி நேரம் கழித்துத்தான் எதுவும் சொல்ல முடியும் என்பதைத் தவிர அவர் படித்தது எதுவும் இல்லை.

ரகசியம்தான் இந்த உலகத்தின் நாணயம். அதன் மதிப்பு நீளத்தில் இருக்கிறது. 2023 ஜனவரியில் தொடங்கிய சிறகடிக்க ஆசையை எடுத்துக்கொள்ளுங்கள். கார் ஓட்டும் முத்து, பூ விற்கும் மீனா, மூத்த மகனைத் தலையில் வைத்துக் கொண்டாடும் அம்மா விஜயா. மலேசியாவில் பணக்கார அப்பா என்று சொல்லிக்கொண்டு அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த ரோகிணிக்கு ஏற்கெனவே கல்யாணமாகி ஒரு பையனும் இருக்கிறான் என்பது நமக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியும், பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு முதல் வருடத்திலேயே தெரியும். அந்த வீட்டுக்குத் தெரியவருவதை மட்டும் வருடக்கணக்கில் இழுத்தார்கள். நான் ஒரு நாள் பொறுக்க முடியாமல், “ஒரு ஆதார் கார்டு கேட்டிருந்தா முடிஞ்சிருக்குமே அத்தை” என்றேன். அத்தை திரும்பிப் பார்த்தார். “பொண்ணு பாக்க வந்தப்ப நாங்க உங்ககிட்ட கேட்டமா மாப்பிள்ள?”

அதற்குப் பிறகு ஆதாரைப் பற்றி நான் பேசவில்லை.

சீரியல் தெரிந்தவர் என்று பெயர் வாங்க ஒரு குறுக்கு வழி இருக்கிறது. பல கதைகள் மொழி விட்டு மொழி போகின்றன. பாக்கியலட்சுமியின் மூலம் வங்காள மொழியில் வந்த ஸ்ரீமொயீ. அதே கதைதான் இந்தியில் அனுபமா. பாண்டியன் ஸ்டோர்ஸ் இங்கிருந்து மலையாளத்துக்குச் சாந்த்வனமாகப் போனது. சிறகடிக்க ஆசையும் மற்ற மொழிகளுக்குப் போயிருக்கிறது. எது எதற்குத் தாய் என்று தெரிந்தால், மூல மொழியில் பார்க்கும் ஆபீஸ் நண்பரிடம் கேட்டு நாளை நடக்கப்போவதை நீங்கள் இன்றே ஊகிக்கலாம். மாதத்துக்கு ஒரு முறைக்கு மேல் செய்யாதீர்கள். ஜோசியர் என்ற பெயர் போய்த் துரோகி என்ற பெயர் வந்துவிடும். சில எபிசோடுகள் டிவியில் வருவதற்கு முன்பே செயலியில் வந்துவிடும். காலையிலேயே பார்த்துவிட்டு ராத்திரி எதுவும் தெரியாத மாதிரி உட்கார முடியும் என்று நினைத்தேன். அழ வேண்டிய இடம் வருவதற்கு இரண்டு நிமிடம் முன்பே என் முகம் மாறிவிட்டது. மனைவி கண்டுபிடித்துவிட்டாள்.

அத்தை மெச்சும்படி நான் சொன்னது ஒன்றே ஒன்று. கோலங்களில் வில்லன் பெயர் ஆதி. எதிர்நீச்சலில் எல்லோரையும் நடுங்கவைத்தவர் ஆதி குணசேகரன். இரண்டுக்கும் இயக்குநர் திருச்செல்வம். இதைச் சொன்னதும் அத்தை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அந்தப் பேருல யாரோ அவருக்குக் கடன் பாக்கி வச்சிருக்காங்க” என்றார். அன்று எனக்கு ஸ்டூலிலிருந்து சோபாவுக்குப் பதவி உயர்வு.

6. கருத்து சொல்லும் முறை

கிண்டல் அடிக்கலாம். ஆனால் முதல் கிண்டலை நீங்கள் அடிக்கக் கூடாது. தூங்கும்போதும் பட்டுப்புடவையும் ஒட்டியாணமும் போட்டிருக்கிற மருமகளைப் பார்த்து அத்தையே, “இவளுக்குக் குத்தாதா?” என்று கேட்ட பிறகு, அந்த வழியே நீங்களும் போகலாம். அவர் போடாத பாதையில் போனால் அது சீரியலைக் கிண்டல் அடித்ததாக ஆகாது, அவரைக் கிண்டல் அடித்ததாக ஆகும். சிரித்துக்கொண்டே திட்டுவதும் திட்டிக்கொண்டே அழுவதும் அவர்கள் உரிமை. பல வருடம் கட்டிய சந்தா.

வில்லியைப் புகழக் கூடாது என்பதை நான் அனுபவத்தில் கற்றேன். சீரியலில் திட்டம் போட்டு, ஆள் பிடித்து, பணம் திரட்டி, தோற்றாலும் மறுநாள் புதுத் திட்டத்தோடு வருகிறவள் அவள் ஒருத்திதான். நிர்வாகத் திறமை என்றால் அதுதான் என்று சொன்னேன். ஹால் அமைதியானது. பாட்டி மெதுவாக, “மாப்பிள்ளைக்குப் படிப்பு ஜாஸ்தி” என்றார். அப்படித்தான் இன்னும் நினைக்கிறேன். வெளியே சொல்வதில்லை.

மருமகள்களுக்கு: திரையில் வரும் கொடுமைக்கார மாமியாரைப் பற்றிக் கருத்தே வேண்டாம். நன்றாகத் திட்டினால் யாரைச் சொல்கிறாய் என்று ஆகும். திட்டாமல் இருந்தால் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று ஆகும். அந்தக் காட்சியில் தண்ணீர் குடிக்கப் போய்விடுவதுதான் உத்தமம். என் மனைவியின் அண்ணி எட்டு வருடமாக அப்படித்தான் சமாளிக்கிறார். கிட்னி நன்றாக இருக்கிறது.

7. நடுவில் வரும் இடர்கள்

மகாசங்கமம் என்று விளம்பரம் வந்தால் உஷாராகிவிடுங்கள். இரண்டு சீரியல் குடும்பங்கள் ஒரு கல்யாணத்திலோ கோயில் திருவிழாவிலோ சந்திக்கும். ஒரு மணி நேரத்துக்கு இடைவேளையில்லாத ஆட்சி. நீங்கள் ஒரு வாரமாகக் கஷ்டப்பட்டுக் கற்ற இரண்டு உறவு முறைகளும் ஒன்றாகக் கலந்துவிடும். அந்த வாரம் வெளி வேலை ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள்.

நடிகர் மாறுவார். ஒரு நாள் அண்ணன் உள்ளே போவார். அடுத்த காட்சியில் வேறொருவர் அதே சட்டையில் வெளியே வருவார். கீழே “இனி இவருக்குப் பதில் இவர்” என்று போடுவார்கள். வீட்டில் யாரும் திடுக்கிட மாட்டார்கள், நீங்களும் திடுக்கிடாதீர்கள். சில மாற்றம் அப்படிப் போய்விடாது. எதிர்நீச்சலில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் திடீரென்று இறந்தபோது, அதுவரை அந்தக் கதாபாத்திரத்தைத் தினமும் கரித்துக்கொட்டிய அத்தை இரண்டு நாள் டிவி போடவில்லை என்று மாமா சொன்னார். பிறகு அந்த வேடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். “இவரும் நல்லா மிரட்டுறாரு. ஆனா அவரு மிரட்டுனா நம்ம வீட்டு ஆளு மிரட்டுற மாதிரி இருக்கும்” என்பது அத்தையின் தீர்ப்பு. நான் வாசித்த எந்த விமர்சனமும் நடிப்பைப் பற்றி இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

அக்டோபரில் போகிறவர்கள் ஸ்டார் விஜயில் வரும் பிக் பாஸையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். நூறு நாளுக்கு மேல் ஓடும். பொங்கல் முடிந்து ஜனவரியில்தான் இறங்கும். அந்தச் சேனலில் சீரியல் நேரங்கள் அங்கும் இங்கும் நகரும். நான்காம் படியில் சொன்ன அட்டவணையை மறுபடி போட வேண்டும். வீடு இரண்டு கட்சியாகும். மாமா அதை, “அடுத்தவன் தூங்குறத நாம முழிச்சிருந்து பாக்கணுமா” என்று திட்டுவாராம். ஆனால் யார் வெளியேறினார் என்று காலையில் முதலில் சொல்வது அவர்தான் என்று அத்தை போட்டுக்கொடுத்தார். முதல் ஏழு சீசனும் கமல்ஹாசன் நடத்தினார். 2024ல் எட்டாவது சீசனிலிருந்து விஜய் சேதுபதி. மாமா கமல் கட்சி. அவர் பேசுவது பாதி புரியாது, அதனால் நாம் சொல்வதுதான் சரி என்று வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் சொன்ன காரணம்.

8. கிளம்பும் முன்

குழந்தை பிறந்து மூன்றாம் மாதம் சென்னைக்குக் கிளம்பினோம். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு: எல்லாச் சந்தாவிலும் பதிவு எண்ணை, அந்த வீட்டிலேயே இருக்கும் ஒருவர் எண்ணுக்கு மாற்றுவது. மாமாவின் எண், அத்தையின் எண், எதுவானாலும் சரி. அதே படிவம், அதே ஆதார் நகல், அதே ஒன்பது நாள்.

நான் மாற்றவில்லை. குழந்தை, பெட்டி, பேறுகால லேகியம் என்ற அலைச்சலில் மறந்துவிட்டேன். துபாய் எண்ணுக்குப் பதில் இப்போது என் எண்தான் எல்லாவற்றிலும் இருக்கிறது. போன வாரம் ஆபீசில் மேலதிகாரிகளோடு மீட்டிங். மணி எட்டு ஆக மூன்று நிமிடம். போன் அதிர்ந்தது, நான்கு இலக்கம் வந்தது. உடனே கும்பகோணத்திலிருந்து அழைப்பு. நான் எழுந்து வெளியே போவதற்குள், பொத்தானைத் தவறாக அழுத்தியதில் ஸ்பீக்கரில் அத்தையின் குரல் அறை முழுக்கக் கேட்டது: “மாப்பிள்ள, பாப்பா தூங்கிட்டாளா? சரி சரி, அத அப்புறம் சொல்லுங்க. நம்பர் வந்துருச்சா? தலைப்புப் பாட்டு போட்டுட்டான்.”